சித்தப்பாவின் மியாமியும் என்னுடைய மியாமியும்

போன சனிக்கிழமை இரவு முள்ளியவளை வீட்டு விறாந்தையில் சித்தப்பாவும் நானும் 'மியாமி வைஸ்' என்ற ஹொலிவூட் படம் பார்த்தோம். 1985இல் கனடாவுக்குப் போனவர், இப்போது மூன்றாவது தடவையாக ஊருக்கு வந்து நிற்கிறார். நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டு லப்டொப்பை ரிவியோடு கொழுவினேன். பத்து நிமிசம் போயிருக்காது.

"உதென்னடா தம்பி, ஒரே இருட்டு. ரிவி பழுதோ?"

ரிவி பழுதில்லை. அந்த இருட்டுக்காகத்தான் இந்தப் படத்தை நான் ஐந்தாறு தரம் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவருடைய 'மியாமி வைஸ்' 1984 தொடக்கம் 1989 வரை என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய, மாறுவேடத்தில் வேலைசெய்யும் இரண்டு மியாமிப் பொலிஸ்காரரின் தொடர். ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் ஆறு பெடியள். கோப்பை கழுவும் வேலை முடிந்து வெள்ளி இரவு ஓடிவந்து, பழைய ரிவி ஒன்றுக்கு முன்னால் குந்துவார்களாம். டொன் ஜோன்சன் ரீசேட்டுக்கு மேலே வெள்ளைக் கோட் போட்டுக் கையை இழுத்து விட்டிருப்பார். பக்கத்தில் ஃபிலிப் மைக்கல் தோமஸ். சுவரெல்லாம் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும். ஜான் ஹமரின் தொடக்க இசை 1985இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அதைச் சித்தப்பா மேசையில் தாளம் போட்டு வாயாலேயே வாசித்துக் காட்டினார், ஒரு இடம் பிசகவில்லை. முதற் சம்பளத்தில் அப்படியொரு வெள்ளைக் கோட் வாங்கிப் போட்டுப் படமெடுத்து அப்பம்மாவுக்கு அனுப்பினவர். அந்தப் படம் அவவின் தகரப்பெட்டிக்குள் கிடந்தது. 2009இல் பெட்டியோடு போயிற்று.

2006இல் வந்த படத்தில் இதெல்லாம் ஒன்றுமில்லை. தொடரின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த அதே மைக்கல் மான்தான் படத்தையும் இயக்கினார். அந்த இசையைக்கூட அவர் எடுக்கவில்லை. தியேட்டருக்கு வந்த படம் பேர் எதுவும் போடாமல், ஒரு இரவு விடுதியின் நடுவில், ஆட்கள் வேலையில் நிற்கும்போதே தொடங்கும். (பிறகு டிவிடிக்காக வெட்டியதில் படகோட்டப் போட்டி ஒன்றை முன்னால் ஒட்டினார்கள். அது தேவையில்லாதது. பார்ப்பதென்றால் தியேட்டர் படத்தையே பாருங்கள்.) அதே இரண்டு பொலிஸ்காரராக வரும் கொலின் ஃபரலும் ஜேமி ஃபொக்ஸும் சிரிப்பதுமில்லை, பகிடி விடுவதுமில்லை. 13 கோடி டொலருக்கு மேல் செலவழித்த படம், உலகம் முழுக்க ஓடி 16 கோடி சொச்சம்தான் எடுத்தது. தொடரை நேசித்தவர்கள் அன்றைக்குத் திட்டினார்கள். இன்றைக்கு அதையே தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்களோடு.

ஏனென்று சித்தப்பாவுக்கு அன்றிரவு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் கலியாணவீடும் கோயில் திருவிழாவும் எடுக்கிற வீடியோக்காரன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் இரவு எனக்கு ஒவ்வொரு வருசமும் சோதனை. உப்புநீரில் எரிகிற விளக்கை எடுக்க வேண்டும். லைற் அடித்தால் அந்தச் சுடர் செத்துப்போகும். அடிக்காவிட்டால் கெயினை, அதாவது கமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவை, ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்றக் கறுப்பு சாம்பலாகி, படம் முழுக்கப் புள்ளி ஊரத் தொடங்கும். "மண் கொட்டின மாதிரிக் கிடக்கு தம்பி" என்று காசு தருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

மான் அந்த மண்ணைத் துடைக்கவில்லை. ஒளிப்பதிவாளர் டியோன் பீப் பாவித்தது தொம்சன் வைப்பர் என்ற டிஜிற்றல் கமரா. அதன் சென்சர் 'மூன்றில் இரண்டு அங்குலம்' என்று சொல்லப்படுகிற சின்ன வகை. சென்சர் சின்னதென்றால் முன்னால் நிற்கிற முகமும் தூரத்து முகிலும் ஒரே நேரத்தில் தெளிவாக விழும். கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று தொலைபேசியில் கதைக்கிற காட்சியைப் பாருங்கள். பின்னால் வானம் கறுப்பில்லை. நகரத்து வெளிச்சம் முகிலில் பட்டுச் செம்மையாய்க் கிடக்கும், எங்கேயோ ஒரு மின்னல் வெட்டும். பிலிமில் எடுத்திருந்தால் அந்த வானம் வெறும் மை. 2005இல், கத்ரீனா, ரீற்றா, வில்மா என்று சூறாவளிகள் அடித்த காலத்தில் எடுத்த படம் அது.

அந்த வானத்தை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் படம் வெளியானது 2006 ஜூலை 28. ஓகஸ்ட் 11 முகமாலையில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. எனக்குப் பதினாறு வயது. எங்கள் பக்கம் கறண்ட் இல்லை, ஜாம்போத்தல் விளக்கு. இரவில் நந்திக்கடலுக்கு அங்கால வானம் ஒருக்கால் வெளிச்சம் போட்டு அணையும். மின்னலோ மற்றதோ என்று அறிய, சத்தம் வரும் வரைக்கும் நானும் தங்கச்சியும் விரல்விட்டு எண்ணுவோம்.

இன்னொரு காட்சி. அலொன்சோ என்ற, பொலிசுக்கு உளவுச் செய்தி கொடுக்கிற மனிசன். மனுசியை மீட்க வேண்டுமென்று பதறிக்கொண்டு காரில் போகிறான். பெருந்தெரு ஓரத்தில் மறிக்கிறார்கள். வீட்டுக்குப் போகத் தேவையில்லை என்று ஜேமி ஃபொக்ஸ் மெல்லச் சொல்லுகிறார். அவ்வளவுதான். செத்துப்போனாள் என்ற சொல்லே வாயில் வரவில்லை. அலொன்சோ திரும்பி ஓடுகிற லொறிக்கு முன்னால் நடந்து போகிறான்.

2009 மாசியில், புதுக்குடியிருப்பு றோட்டில், அப்பாவின் சைக்கிள் ஹாண்டிலை ஒருவர் இப்படித்தான் பிடித்தார். "அண்ணை, அங்கால போக வேண்டாம்." வேறொன்றும் சொல்லவில்லை. அப்பா ஏனென்று கேட்கவுமில்லை. சைக்கிளைத் திருப்பி, ஏறாமல், உருட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மா வீடு அந்தப் பக்கம் இருந்தது.

ஆட்கள் ஒழுங்காகக் கதைப்பதில்லை, உணர்ச்சியே காட்டுவதில்லை என்று இந்தப் படத்தைக் குறை சொல்லுகிறவர்களுக்கு இதற்கு மேல் என்னால் விளக்க முடியாது.

குறைகள் இல்லாமலில்லை. செய்தி கசிந்தது எங்கேயென்பதைத் தேடத்தானே இவர்களை அனுப்புகிறார்கள், அந்தக் கேள்வி கடைசியில் அந்தரத்தில் தொங்குகிறது. போதைப்பொருள் கூட்டத்தின் தலைவன் மொன்தோயாவும் தப்பிவிடுகிறான். கதாநாயகி கொங் லீயின் ஆங்கிலம் சில இடங்களில் பிடிபடவில்லை. ஆனால் ஹவானாவுக்கு வேகப்படகில் போகும்போது காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாவே, அங்கே எனக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

கடைசியில் அவவைப் படகேற்றி அனுப்பிவிட்டு, கொலின் ஃபரல் ஆஸ்பத்திரி வாசலுக்குள் நடந்து போகிறார். அத்தோடு வெட்டு. நித்திரை தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் சித்தப்பா."

"அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்ததோ?"

"அது காட்டேல்லை."

"காட்டியிருக்கலாம்," என்றார். எழும்பி, நுளம்புத்திரியை அணைக்காமல் உள்ளே போனார்.