மெத்தையால் அளந்த அரங்கம்

வெள்ளையடிப்பதற்காக அறையைக் காலி செய்தோம். சோபா, திரைச்சீலை, மெத்தை எல்லாம் வெளியே போனதும் பேச்சு சுவர்களில் பட்டு முழங்க ஆரம்பித்தது.

எனக்கு உடனே வாலஸ் சபைன் ஞாபகம் வந்துவிட்டது.

1895. ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேராசிரியர் சொல்வது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆகும். அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன் மேலேயே வந்து விழும். இதைச் சரிசெய்யச் சொல்லி, இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் ஒப்படைத்தார்கள்.

மெத்தை ஓசையை உறிஞ்சும். சாண்டர்ஸ் என்ற இன்னொரு ஹார்வர்ட் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து சபைன் அறையில் பரப்புவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தி, ஓசை காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் எடுப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விட வேண்டும்.

தான் உடுத்தியிருக்கும் துணிகூட அளவை மாற்றுகிறது என்று தெரிந்ததும், சோதனைக்கென்று ஒரே உடுப்பையே போட்டுக்கொண்டார். எப்பேர்ப்பட்ட நேர்மை!

இந்தச் சோதனைகளிலிருந்து, ஓர் அறையில் ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அந்தச் சூத்திரத்தை வைத்து எழுந்ததுதான் பாஸ்டன் சிம்பொனி ஹால் என்ற கச்சேரி அரங்கம். 1900 அக்டோபர் 15 அன்று திறந்தார்கள். நீளமான, ஒடுங்கிய செவ்வகம். சுவர் மாடங்களில் 16 சிலைகள். அவை வெறும் அழகுக்கு அல்ல. மாடங்களும் கட்டம் கட்டமான கூரையும் ஒலியைச் சிதறடித்து எல்லா இருக்கைக்கும் கொண்டுபோகின்றன. மேடைக்கு மேலே பொறித்திருக்கும் ஒரே பெயர் பீத்தோவன்.

சபைன் கணக்கில் ரசிகர்களும் உண்டு. கச்சேரிக்கு வந்து உட்காரும் ஒவ்வொருவரும் அரங்கின் ஒலியைக் கொஞ்சம் மாற்றுகிறார்கள்.