இட்டேரிப் பாம்புகள்

மே 18

பாம்பு பிடித்து விடுகிற எனக்குக் காலையிலேயே போன். கோயம்புத்தூரில் காளப்பட்டிக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு. "ஏனுங் அம்மிணி, ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு ஆடுதுங், வெரசா வாங்" என்றார் ஒரு பெரியவர். போனால் வீதியே கூடி நிற்கிறது. காலி மனையில் இரண்டு சாரைகள். முன்பாதி உடம்பை முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து, ஒன்று மற்றொன்றைத் தரையோடு அமுக்கப் பார்க்கிறது. ஓர் அம்மா வெள்ளை வேட்டியோடு தயாராக இருந்தார். பாம்புகள் மேல் போட்டு எடுத்துப் பீரோவில் வைத்தால் செல்வம் சேருமாம். சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் இணைகிறது என்று பக்கத்தில் ஒருவர் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டுமே சாரைதான், அதுவும் இரண்டுமே ஆண். பெட்டைக்காக நடக்கிற மல்லுக்கட்டு இது. தோற்றது விலகிப் போய்விடும். சாரைக்கு விஷமே கிடையாது. இதைச் சொன்னதும் வேட்டியை மடித்துவிட்டார் அந்த அம்மா. கொஞ்ச நேரத்தில் இரண்டும் வேலியோரம் போய்விட்டன, நான் பிடிக்கவில்லை.

"புடிச்சு மருதமலைக் காட்டுல உட்டுப்போடுங்" என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கே போனாலும் கேட்கிற பேச்சு இது. எல்லோருக்கும் கண்காணாத இடம் ஒன்று வேண்டும். ஆனால் இந்த மனைப்பிரிவே கொஞ்ச நாள் முன்பு வரை சோளக்காடு. நடுவில் இட்டேரி ஓடியது, காடுகளுக்கு இடையே போகிற மண் தடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதில் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும், அடியில் எலி வளையும் கரையான் புற்றும். பாம்புக்கு இதைவிட நல்ல குடியிருப்பு கிடையாது. பொக்லைன் வந்து ஒரே வாரத்தில் அத்தனையும் போயிற்று, வடக்கு ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சம்.

ஜூன் 6

"இருதலைப் பாம்பு இருக்குதுங்களா? நல்ல விலைக்கு ஆள் இருக்குது" என்று ஒருத்தர் கூப்பிட்டார். அது மண்ணுளிப் பாம்பு. வால் மழுங்கலாக இருப்பதால் அங்கேயும் ஒரு தலை இருக்கிறதென்று நினைக்கிறார்கள். லட்சக் கணக்கில் போகும் என்று சொல்லி ஏமாற்றுகிற கும்பல்கள் உண்டு, நம்பிப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில் இருக்கிறது என்று சொன்னதும் வைத்துவிட்டார். நம்பரை வனத்துறைக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24

வடவள்ளி. ரிட்டயர்டு வாத்தியார் வீடு. "மலைப்பாம்புக் குட்டி" என்று போட்டோ அனுப்பியிருந்தார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உடம்பு நெடுகச் சங்கிலி போல மூன்று வரிசைக் கரும்பழுப்பு முட்டை வடிவப் புள்ளிகள், முக்கோணத் தலை. கண்ணாடி விரியன். "சார், கிட்டப் போயிராதீங்க, ஆனா கண்ணை மட்டும் எடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பாம்பு எங்கே போயிற்று என்று தெரியாமல் போவதுதான் இந்த வேலையில் பெரிய தலைவலி.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் காம்பவுண்டை ஒட்டித் தென்னை மட்டைக் குவியல், அதற்கடியில் இருந்தது. மட்டையைக் கொக்கியால் ஒவ்வொன்றாக நீக்க நீக்கச் சீறல் கூடியது. விரியன் சீறினால் குக்கரில் ஆவி பிடுங்குகிற மாதிரி விடாமல் வரும். அது எச்சரிக்கைதான், நாம் ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கும். நாலங்குல பிவிசி குழாயின் ஒரு முனையில் கறுப்புத் துணிப்பையை மாட்டி, மறுமுனையை அதன் முன்னால் வைத்தேன். வெளிச்சத்தில் மாட்டிக்கொண்ட பாம்புக்கு இருட்டான பொந்து கண்ணில் பட்டால் போதும், பக்கத்தில் கொக்கியை லேசாகக் காட்டினால் அதுவாகவே நுழைந்துவிடும். கையே படவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுங்கள், வீடியோ எடுக்கணும் என்று மாடியில் இருந்து ஒரு பையன் கேட்டான். முடியாது தம்பி என்றேன். வீடியோவுக்காகப் பிடித்துக் காட்டிக் கடிபட்டவர்களின் கதை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டை, வயிறு கனத்திருந்தது. கண்ணாடி விரியன் முட்டை இடாது, குட்டி போடும். இருபது, நாற்பது என்று ஒரே ஈற்றில் போடும். பிறந்த குட்டிக்கும் அன்றைக்கே விஷம் உண்டு.

"மருதமலையில உட்டுருவீங்கதானே?" என்று வாத்தியார் கேட்டார். உட்கார்ந்து பேசினேன். ஒவ்வொரு பாம்புக்கும் எலி கிடைக்கிற இடம், ஒளிகிற வளை, தண்ணீர் எல்லாம் அதன் சுற்றுவட்டாரத்தில் தெரிந்திருக்கும். நெடுந்தூரம் கொண்டுபோய் விட்டால் ஒன்றும் புரியாமல் அலையும். அலைகிற பாம்பு ரோட்டில் நசுங்கும், பருந்துக்குப் போகும், இல்லையென்றால் அங்கே வேறொருவர் வீட்டுக்குள் நுழையும். மலையடிவாரத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வாசலில்தான் விளையாடுகிறார்கள். கேட்டுக்கொண்டார், முகம் மட்டும் தெளியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தி அந்தப் பொடக்காளியில்தான் சைக்கிள் ஓட்டுகிறாள்.

வனக்காப்பாளரிடம் சொல்லி, அவர் காட்டிய இடத்திலேயே சாயங்காலம் விட்டோம். கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு ஓடைப் புதர், ஆடு மேய்ப்பவர்களின் தடம்கூட இல்லை.

அப்புறம் திரும்பி வாத்தியார் வீட்டுக்கே போனேன். மட்டைக் குவியலைச் சுவரை விட்டுத் தள்ளி, கல் அடுக்கி அதன்மேல் ஏற்றினோம். எலி வளைகளை உடைந்த கண்ணாடித் துண்டும் சிமெண்டும் போட்டு அடைத்தார். கேட்டுக்கு அடியில் இருந்த சந்துக்குத் தகரம் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறார். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும், கிட்னி கெடும் என்று சொன்னபோது மட்டும் பேனா எடுத்துக் குறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்பார்கள், உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூலை 15

தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு தோட்டம். மயில் தொல்லைக்காகக் காய்கறிப் பாத்தியைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு சாரை. முந்தின நாள் மத்தியானமே மாட்டியிருக்க வேண்டும், வெயில் முழுக்க வாங்கியிருந்தது. ஒரு கண்ணியில் தலை நுழைந்திருக்கிறது, பின்னால் இழுத்தால் செதில் தடுக்கும், முன்னால் போனால் உடம்பு இறுகும், புரளப் புரள ஏழெட்டுச் சுற்று விழுந்துவிட்டது.

முதலில் ஈரத்துணி போட்டுத் தண்ணீர் தெளித்தோம். வலையைக் கழியோடு வெட்டி நிழலுக்குக் கொண்டுவந்தோம். தோட்டத்து அண்ணன் தலைப்பக்கத்தைத் துணியோடு பிடித்துக்கொண்டார், அவர் கை நடுங்கியது, விடவில்லை. முனை மழுங்கின சின்னக் கத்தரிக்கோல். நூல் செதிலுக்குள் புதைந்து சதை வரை போயிருந்தது. செதில் ஓரத்தை நகத்தால் நிமிண்டி, நூலுக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகித் தூக்கி, அந்த இடைவெளியில்தான் வெட்ட முடிந்தது. அப்படி ஒவ்வொரு நூலாக. கழுத்தருகே கடைசிச் சுற்றை வெட்டியதும் அது வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சு விட்டது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்து அடங்குவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

காயத்துக்குக் கால்நடை டாக்டரிடம் காட்டி மருந்து போட்டாயிற்று. அதே தோட்டத்தில் விடலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "இங்கயே உடுங் அம்மிணி. எலி தின்னுக்கட்டும், வெங்காயப் பட்டறைக்குள்ள பூராம் எலி" என்றார் அண்ணன். எனக்கு மனது நிறைந்துவிட்டது. வலையின் அடிப்பக்கத்தை ஒரு முழம் தூக்கிக் கட்டிவிட்டார், மயில் அந்த இடுக்கில் குனிந்து வராதாம்.

ஆகஸ்ட் 8

ஆடி வெள்ளி. துடியலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாமி ரூமுக்குள் நல்லபாம்பு. நான் போகும்போது அந்த வீட்டுப் பாட்டி, அம்முச்சி, கற்பூரத்தட்டோடு வாசற்படியில் நிற்கிறார். அடிக்க விடமாட்டேன் என்று மகனிடம் சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தார். கொங்கு நாட்டில் இந்தப் பக்தி இல்லையென்றால் நாகங்கள் எப்போதோ அடிபட்டுத் தீர்ந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். கொடுமுடியில் நாகர் பிரதிஷ்டை செய்கிறோம், திருச்செங்கோட்டு மலையேறும் வழியில் பாறையில் செதுக்கின பெரிய நாகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். அந்தக் கும்பிடு கம்பை எடுக்கிற கையையும் பல நேரம் தடுத்துவிடுகிறது.

பூஜை அலமாரிக்குப் பின்னால் படம் எடுத்து நின்றது. பக்கத்துச் சந்தில் எலி. எலி பின்னால் வந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. பைக்குள் போனதும் அம்முச்சி கேட்டார்: "புத்துக்குப் பால் ஊத்துனமே கண்ணு, அதைக் குடிச்சுப்போட்டுத்தான் வந்துச்சா?" பாம்புக்குப் பால் ஆகாரம் இல்லை அம்முச்சி, புற்றுக்குள் ஊற்றினால் உள்ளே ஈரமும் நாற்றமும்தான், பாவம் இருக்க முடியாமல் வெளியே வந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ வெளியில கிண்ணத்துல வெக்கறேன். மனசு கேக்காது" என்றார். சரி என்றேன். எங்கே விடப்போகிறேன் என்று அவர் கேட்கவேயில்லை, பள்ளத்தோரம் ஒரு புற்று இருப்பதை அவரே கை காட்டினார்.

அக்டோபர் 28

இரண்டு நாளாக மழை. பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருந்து விடிகாலை அழைப்பு. தறி ஓட்டுகிற வடநாட்டுத் தம்பி ஒருத்தன், தரையில் பாய் போட்டுப் படுத்தவன், மூன்று மணிக்கு வயிற்று வலி என்று எழுந்திருக்கிறான். சாப்பாடு சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குக் கண் இமை தொங்கிவிட்டது, பேச்சுக் குழறியது. அப்போதுதான் ஒருத்தர் பாயை உதறியிருக்கிறார், அடியில் கறுப்பாகப் பளபளவென்று, வெள்ளைக் கட்டுகளோடு பாம்பு.

கட்டு விரியன். நான் முதலில் சொன்னது 108-ஐக் கூப்பிடச் சொல்லித்தான், பாம்பு அப்புறம். கயிறு கட்டாதே, கீறாதே, வேப்பிலை அடிக்கப் போகாதே, ஆளை ஆட்டாமல் கொண்டுபோ. இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். கட்டு விரியன் ராத்திரியில்தான் நடமாடும், பெரும்பாலும் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும், பல்லும் சின்னது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாததால் பாம்பு என்றே தோன்றாது. நேரம் போகப் போக மூச்சுத் தசைகள் நின்றுவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றி வெண்டிலேட்டரில் போட்டார்கள். இந்தியாவில் கிடைக்கிற மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே குப்பி, அதனால் பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அந்தக் குப்பிக்குள் போகிற விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பது. 2023-இல் அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் பண்டிகை மாதிரி கொண்டாடினோம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் செத்தவர்கள் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வுக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 கடைசியில், ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

நவம்பர் 3

தம்பி பிழைத்துவிட்டான். குழாயை எடுத்துவிட்டார்கள், கஞ்சி குடிக்கிறான். தறிக்கூடத்து முதலாளியிடம் போய் உட்கார்ந்து பேசினேன். ஆளுக்கொரு கட்டில், நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகின கொசுவலை, ராத்திரி வெளியே போக டார்ச். கொசுவலை கொசுவுக்கு மட்டும் இல்லை என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டில்கள் இன்றைக்கே இறங்கிவிட்டன.

நவம்பர் 12

பாத்ரூமில் கட்டு விரியன் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டோ அனுப்பினாள். வெள்ளிக்கோல் வரையன், விஷம் இல்லை, பல்லி பிடிக்கச் சுவர் ஏறும். இதற்குப் பட்டை கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டு விரியனுக்குக் கழுத்து தாண்டித் தொடங்கி வால் வரை தெளிவாக இருக்கும், நடுமுதுகுச் செதிலும் பெரிது. அவளே போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்துச் சரியாகச் சொன்னாள். ஆனாலும் நீயாகக் கை வைக்காதே கண்ணு என்றேன்.

நவம்பர் 23

காளப்பட்டி மனைப்பிரிவில் சங்கக் கூட்டம். வடக்கு ஓரத்து இட்டேரித் துண்டையும் பொக்லைன் விட்டு வழித்துவிடலாம் என்பது தீர்மானம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் வேலியைப் பிடுங்கினால் அதில் இருக்கிறது அத்தனையும் உங்கள் படிக்குத்தான் வரும் என்றேன். வேலி இருக்கட்டும், வேலிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே அஞ்சடி வெறும் தரையாகச் செதுக்கி வையுங்கள், அதில் விளக்குப் போடுங்கள், மூலையில் கொட்டுகிற ஓட்டல் மிச்சத்தை நிறுத்துங்கள், எலி அதற்குத்தான் வருகிறது. பூண்டுத் தண்ணியும் பினாயிலும் தெளித்து ஒரு பாம்பும் வராமல் நின்றதில்லை.

நிறைய வாக்குவாதம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எங்களைவிடப் பாம்புதான் பெரிசுங்களா?" என்று கேட்டார். உங்கள் குழந்தைக்காகவும்தான் சொல்கிறேன் அண்ணா என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. வேட்டியோடு நின்ற அந்த அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசினார். வேலியைப் பற்றிய முடிவைப் பொங்கலுக்கு அப்புறம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். ஓட்டல் மிச்சத்தை எடுக்கிற வண்டி மட்டும் திங்கட்கிழமையில் இருந்து வரும், அதற்கு வீட்டுக்கு நூறு ரூபாய்.