அஞ்சரை மணி நேரம் தள்ளி

26 அக்டோபர் 2024, சனி

இன்னிக்கு ராத்திரி இங்க பிரிட்டன்ல குளிர்காலத்துக்காக கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுறாங்க. விடியக்காலை ரெண்டு மணி அடிச்சதும் மறுபடி ஒரு மணி. போன்ல அதுவா மாறிடும், சுவர் கடிகாரத்த மட்டும் இவர் ஸ்டூல் போட்டு ஏறி இப்பவே மாத்தி வச்சிட்டார்.

நாங்க வந்தப்புறம் இது முதல் குளிர்காலம். குளிர விட எனக்கு கவலை அப்பத்தாவோட பேசுற நேரம் தான் (என் மாமியார், பிள்ளைங்க கூப்பிடுற மாதிரியே எழுதுறேன்). இதுவரைக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், ஸ்கூல் விட்டு வந்து நாலு மணிக்கு கூப்பிட்டா அங்க எட்டரை, பேத்தி பேரனோட ஆற அமர பேசுவாங்க. நாளையில இருந்து அஞ்சரை. அதே நாலு மணின்னா அங்க ஒம்பதரை, அவங்க ஒம்பதுக்கே படுத்துடுற ஆளு. காலையில ஏழரைக்கு கூப்பிடுவோம், அங்க மத்தியானம் ஒண்ணு தானேன்னு இவர் சொல்றார். ஸ்கூல் கிளம்புற அவசரத்துல எங்க நடக்கப்போகுதுன்னு இருக்கு, பாப்போம்.

12 நவம்பர், செவ்வாய்

நடக்குது! அதுவும் நான் நெனச்சே பாக்காத மாதிரி.

காலையில சின்னவன குளிக்க வைக்கிறது நான், அதனால பெரியவளுக்கு தலை பின்னுற வேலை இவர் கைக்கு போயிடுச்சு. போனை ஜன்னல் ஓரமா சாச்சு வச்சிட்டு அப்பத்தா பாக்க பாக்க பின்னுறார். "ஏய்யா, வகிடு கோணலா இருக்கு பாரு, சீப்போட வாலால எடு", "இழுத்து பிடிடா, அவ ஓடுனா அவுந்துரும்", "அங்க பாரு காதுக்கு பின்னாடி முடி தொங்குது"ன்னு அங்க இருந்து வரிசையா உத்தரவு வருது, இவரும் "சரிம்மா, சரிம்மா"ன்னு செய்யுறார், பெரியவ ரெண்டு பேருக்கும் நடுவுல தலைய ஆட்டாம ராணி மாதிரி உக்காந்திருக்கா.

ஊர்ல இருந்தப்போ இவர் பிள்ளைங்க முழிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பி அதுங்க தூங்குனப்புறம் வருவார். வாரம் பூரா அப்பாங்கிறவர் வாசல்ல கெடக்குற செருப்பு தான். அவர் மேல குத்தம் இல்ல, வேலையும் ட்ராபிக்கும் அப்படி. இங்க சாயங்காலம் ஆறுக்குள்ள வீட்டுல இருக்கார். மகளுக்கு தலை பின்னி விடுற அப்பாவ இந்த வீட்டுல தினமும் பாக்குறேன், எனக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

21 டிசம்பர், சனி

வருஷத்துலயே ரொம்ப சின்ன பகல் இன்னிக்கு தான். எட்டு மணி நேரம் கூட வெளிச்சம் இல்ல, நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுச்சு.

இந்த இருட்டு ஆளை அழுத்தும்னு முன்னாடியே வந்தவங்க நிறைய சொன்னாங்க, உண்மை தான், மூணு மணிக்கே மனசு என்னவோ பண்ண ஆரம்பிச்சிடும். ஆனா ஹீட்டர் ஹால்ல மட்டும் போடுறதால நாலு பேரும் ஒரே இடத்துல தான் இருக்கோம். சின்னவன் ப்ளாக்ஸ் அடுக்குறான், பெரியவ கீழ படுத்துக்கிட்டு எதையோ வரையுறா, இவர் துணி மடிக்கிறார், நான் தையல் பிரிஞ்ச ஜாக்கெட்ட எடுத்து வச்சிருக்கேன். யாரும் பெருசா ஒண்ணும் பேசல. ஒரே கம்பளிய நாலு பேரும் இழுத்துக்கிறோம்.

இன்னொன்னும் சொல்லணும். பிள்ளைங்கள விட்டுட்டு போக இங்க ஆள் இல்ல. ஊர்ல எங்க போனாலும் அப்பத்தாகிட்ட விட்டுட்டு போவோம். இங்க பல்லு டாக்டர்கிட்ட போனாலும் நாலு பேர், பேங்குக்கு போனாலும் நாலு பேர். அலுப்பா இருக்கும் சில நாள். ஆனா பஸ்ல மாடியில முன் சீட்டுல நாலு பேரும் வரிசையா உக்காந்து போறப்போ சின்னவன் டிரைவர் வேல பாப்பான் பாருங்க, அந்த அலுப்பெல்லாம் எங்க போகுதுன்னே தெரியாது.

18 ஜனவரி 2025, சனி

லைப்ரரியில குழந்தைங்க பக்கம் ஒரு பெரிய உலக உருண்டை. பெரியவ ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தா, மத்த பிள்ளைங்க ஊருக்கெல்லாம் முழு மணி கணக்கு, நம்மளுக்கு மட்டும் ஏன் அந்த அரை மணின்னு. இவர் அந்த உருண்டைய வச்சு சொல்லிக்கொடுத்தார். பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது, அப்போ ஒரு மணிக்கு 15 டிகிரி. இங்க நேரம் கணக்கு பண்ற கோடு லண்டன்ல கிரீன்விச்ங்கிற இடத்துல பூஜ்யம் டிகிரியில இருக்கு, இந்தியாவுக்கு நேரம் கணக்கு பண்ற கோடு கிழக்கால 82.5 டிகிரியில போகுது. வகுத்து பாருன்னார். அவளே பேப்பர்ல போட்டு 5.5 வந்ததும் லைப்ரரின்னும் பாக்காம கத்திட்டா.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல, "அப்பத்தா தூங்கியிருக்க மாட்டாங்க"ன்னு அடம் பிடிச்சு அங்கயே வெளிய நின்னு கூப்பிட்டா. சூரியன் உங்களுக்கு முதல்ல வரும், எனக்கு அஞ்சரை மணி கழிச்சு தான்னு மூச்சு விடாம சொன்னா. அப்பத்தா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ நான் பாத்துட்டு அனுப்புற சூரியனத் தான் நீ பாக்குறியா தங்கம்?"னு கேட்டாங்க.

ஆமான்னா. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

11 பிப்ரவரி, செவ்வாய்

மூணு நாளா காய்ச்சல், இன்னிக்கு தான் பரவால்ல. எழுத தெம்பில்ல. பெரியவ தம்பிக்கு ஷூ மாட்டி விட்டுட்டு, கதவு சத்தம் வராம சாத்திட்டு ஸ்கூலுக்கு போனது மட்டும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

15 மார்ச், சனி

பகல் நல்லா நீண்டிருக்கு, ஆறு மணிக்கும் வெளிச்சம் இருக்கு. பார்க்குல சின்னவன் ஓடுறான் ஓடுறான் நிக்கவே மாட்டேங்குறான்.

பெரியவ போன மாசம் அப்பத்தாவுக்கு தமிழ்ல ஒரு லெட்டர் எழுதி தபால்ல போட்டா. ற ர எல்லாம் இடம் மாறி இருந்துச்சு, நான் திருத்தலாமான்னு கேட்டதுக்கு இவர் விடு அப்படியே போகட்டும்னார். இன்னிக்கு காலையில பேசுறப்போ அப்பத்தா கையில அந்த லெட்டர்! தெனமும் முகம் பாத்து பேசுறோம், ஆனாலும் அந்த பேப்பர அவங்க கேமரா பக்கம் ஆட்டி ஆட்டி காட்டுன சந்தோஷம் வேற. பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வீட்டு பொண்ணு எல்லாருக்கும் படிச்சு காட்டியாச்சாம், பீரோவுல நகைப்பெட்டிக்குள்ள வைக்கப்போறாங்களாம்.

பதில் போடணுமாம் அவங்களும். வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டணும்னு போஸ்ட்மேன்கிட்ட கேட்டு வச்சாச்சு, எங்க வீட்டு அட்ரஸ இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல எழுதி போட்டோ எடுத்து அனுப்ப சொல்லியிருக்காங்க. பெரியவ ஸ்கெட்ச் பென்னோட உக்காந்துட்டா.