சுங்கை பீசாங்: பலகை இல்லாத வழியில்

ஜூலை 5, 2025, சனி

கோம்பாக் மலைப்பகுதியில் இருக்கும் சுங்கை பீசாங் அருவிக்கு அடுத்த வாரம் செல்வதென்று பெரியப்பாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். கோலாலம்பூருக்கு இவ்வளவு அருகில் இருந்தும், பழைய பெந்தோங் சாலையில் நின்று பார்ப்பவருக்கு அப்படியோர் அருவி இருப்பதற்கான அடையாளமே தென்படாது. நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம் என்பதால், மாநில வன இலாகாவில் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். மலையேறுவதற்குக்கூட ஒரு தாள் வேண்டுமா என்று பெரியப்பா முணுமுணுத்தார். யாராவது வழிதவறினால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தேடிச் செல்பவர்களுக்கு அந்தத் தாளிலிருந்துதான் தெரியவரும் என்பது என் கட்சி.

ஜூலை 11, வெள்ளி

நான் விலையுயர்ந்த மலையேற்றக் காலணியை எடுத்து வைத்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெரியப்பா எனக்கும் ஒரு ஜோடி 'கம்போங் அடிடாஸ்' வாங்கி வந்தார். அடிப்பகுதியில் குமிழ் குமிழாய்ப் பிடிமானம் கொண்ட இந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்தைத்தான் அவர் பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் சீவிய காலத்தில் அணிந்தாராம். ஓடையில் நனைந்தாலும் கனக்காது; துணியில்லாததால் உடனே வடிந்துவிடும். மலையேறிகள் இப்போது இதைக் கொண்டாடுவது அவருக்கு வேடிக்கையாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

காலை ஏழரை மணிக்குப் பன்னிரண்டாம் கட்டையை, அதாவது பன்னிரண்டாம் மைலைக் கடந்தோம். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களுக்கான மருத்துவமனை இருக்கும் வட்டாரம் அது. வண்டியை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, காராக் நெடுஞ்சாலைக்கு அடியில் ஓடை புகுந்து வரும் கான்கிரீட் சுரங்கத்தை அடைந்தோம். வேறு வழி கிடையாது. தண்ணீரிலேயே இறங்கி, கைவிளக்கின் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். தலைக்கு மேலே கெந்திங் மலை உல்லாசத் தலத்தை நோக்கி விரையும் வாகனங்களில் இருப்போர், கணுக்காலளவு நீரில் இருவர் தங்களுக்குக் கீழே நடந்துகொண்டிருப்பதை எப்படி அறிவார்கள்?

சுரங்கத்தைத் தாண்டியதும் பாதை ஓடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மாறிக்கொண்டே செல்கிறது. மரங்களில் யாரோ சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிற நெகிழி நாடாக்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் எது அருவிக்கு, எது மூங்கில் வெட்டப் போனவர் கட்டியது, எது வேறொரு குன்றுக்கு இட்டுச் செல்வது என்று சொல்ல ஆளில்லை. மஞ்சள் நாடாவை நம்பிப் போயிருந்தால் பிரம்புப் புதருக்குள் மாட்டியிருப்போம். பிரம்பின் கொக்கி முள் சட்டையில் மாட்டினால் முன்னோக்கி இழுக்கக் கூடாது, ஓரடி பின்வாங்கினால் தானே விடும் என்று பெரியப்பா காட்டினார். ஓடையின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் தடம் எதுவோ அதுவே நம் வழி என்பதுதான் அவர் வகுத்த ஒரே விதி.

அதே ஓடையைத்தான் அஞ்சவும் வேண்டும். இந்த மலைகள் அடங்கிய தித்திவாங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கருங்கல். நாம் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலை சுண்ணாம்புப் பாறை. அது மழைநீரில் கரைந்து, விரிசல்களும் குகைகளுமாகி, நீரை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கருங்கல் அப்படிக் கரைந்து குகையாவதில்லை. செங்குத்தான சரிவில் மண் ஊறியபின் பெய்யும் மழை அப்படியே வழிந்து ஓடைக்குள் இறங்குகிறது. அதனால்தான் இங்கே அருவி இருக்கிறது, அதனால்தான் 'கெப்பாலா ஆயர்' எனப்படும் திடீர் வெள்ளமும் இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழை, விழுந்த மரங்களுக்குப் பின்னே தேங்கிய நீரையும் உடைத்துக்கொண்டு சுவராக வந்துவிடக்கூடும்.

"தண்ணி நிறம் மாறுதா, இலை தழை நிறைய மிதந்து வருதான்னு பாத்துக்கிட்டே வா, தம்பி. மாறுனா கேள்வி கேக்காத, மேட்டுல ஏறிடு," என்றார் பெரியப்பா. வந்த வழியே கீழ்நோக்கி ஓடுவது பயனற்றது. வெள்ளம் மனிதனை விட வேகமானது. சுரங்கத்துக்குள் இருக்கும்போது அது வந்தால் ஏறுவதற்கு மேடே இல்லை என்பதை, திரும்பும் நேரத்தைத் தீர்மானித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். பிற்பகல் இடிமழைக்கு முன், மதியத்துக்குள் சுரங்கத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

சியாமாங் குரங்குகளின் கூவல் மலைமுகட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அருவி ஒரு திருப்பத்தில் சட்டென்று முன்னே நின்றது: கரும்பாறை மேல் விரிந்து விழும் வெள்ளை நீர், கீழே இடுப்பளவுக் குளம், எலும்பு வரை சில்லிடும் குளிர். நாங்கள் விழும் நீருக்கு நேர் கீழே போகவில்லை. நீரோடு கல்லும் கட்டையும் வருவதுண்டு. ஒரு மணி நேரம் இருந்தோம். உணவுப் பொட்டலத் தாள்களும் பானப் புட்டிகளும் பாறை இடுக்குகளில் கிடந்தன. கொண்டுபோன பை கொள்ளுமட்டும் பொறுக்கினோம். இவ்வளவு தூரம் நிறைந்த புட்டியைச் சுமந்து வந்தவருக்கு வெறும் புட்டியைச் சுமக்கத் தெம்பில்லாமல் போவது எனக்கு விளங்காத புதிர்.

ஜூலை 13, ஞாயிறு

அட்டை கடித்த இடத்தில் நேற்றிரவு வரை இரத்தம் கசிந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அட்டை செலுத்துவதால் அப்படித்தான் இருக்கும். சோப்பால் கழுவிக் கட்டுப்போட்டதும் நின்றுவிட்டது. எலிச் சிறுநீர்க் காய்ச்சலைத்தான் கவனிக்க வேண்டும். வரும் வாரங்களில் காய்ச்சலோ தசைவலியோ வந்தால், ஆற்று நீரில் இறங்கினேன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் கூறிவைத்திருக்கிறேன்.

அந்த நாடாக்களை அவிழ்த்திருக்கலாமே என்று பெரியப்பாவிடம் கேட்டேன். வேண்டாம், அதை நம்பி ஏற்கெனவே உள்ளே போனவன் எதைப் பார்த்துத் திரும்புவான் என்றார். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அடுத்த பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது வன இலாகா அதிகாரியிடமே இதைக் கேட்டுவிடப் போகிறேன்.