பழைய சர்வருக்கு ஃபர்ம்வேர் போடறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

சென்னை ராயபுரம் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ், அவங்க சர்வர நான்தான் பாத்துக்கறேன். டெல் ஆர்720, 2012ல வந்த மாடல், ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல செகண்ட் ஹேண்டா எடுத்தது, எங்கயோ டேட்டா சென்டர்ல லீஸ் முடிஞ்சு வெளிய வந்த பீஸ். டேலி, ஸ்கேன் பண்ண டாக்குமெண்ட்டுங்க, பழைய பில் ஆஃப் என்ட்ரி காப்பிங்க எல்லாம் அதுல தான் கெடக்கு. இப்போ இன்னா புது வேலைன்னா ஜியான் ஈ5-2600 வி2 பிராசசர் ரிச்சி ஸ்ட்ரீட்ல அடிமாட்டு வெலைக்கு வருது, ரெண்டு வாங்கி சொருகுனா இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டலாம். ஆனா அந்த வி2 சிப்பு 2013ல வந்தது, நம்ம மெஷின்ல இருக்கற பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற, போர்டுலயே பதிஞ்சிருக்கற ஃபர்ம்வேர், அதாவது ஹார்டுவேர ஓட்டற புரோக்ராம்) வெர்ஷன் 1.6, இந்த பயாஸுக்கு வி2ன்னா என்னன்னே தெரியாது. பயாஸ 2 வரிசைக்கு ஏத்துனா தான் சிப்ப கண்டுக்கும். பயாஸ தொடறதுக்கு முன்னாடி ஐடிராக்க, அதாவது சர்வர தூரத்துலேர்ந்து பாத்துக்கறதுக்குன்னு உள்ளயே இருக்கற குட்டி கம்ப்யூட்டரோட ஃபர்ம்வேர, ஏத்தணும். ஒண்ண புடிச்சு இழுத்தா பின்னாடியே ஒம்போது வரும்.

மொதலாளி கிட்ட சொன்னேன். "இன்னாத்துக்குபா தம்பி, அது பாட்டுக்கு நல்லா தானே ஓடிக்கினு கீது, அத போயி ஏன் நோண்டிக்கினு" அப்படின்னாரு. பாதி பேரு இததான் சொல்லுவாங்க. பாதி நியாயமும் இருக்கு. ஆனா ஓடறதனாலயே நல்லாருக்குன்னு சொல்லிட முடியாது. 2019 நவம்பர்ல ஹெச்பிஈ ஒரு அறிவிப்பு விட்டாங்க, அவங்க சர்வருக்கு குடுத்த சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி டிஸ்க்குங்க கரெக்டா 32,768 மணி நேரம் ஓடுனதும் மொத்தமா செத்துடும், டேட்டாவும் திரும்ப வராது, ஃபர்ம்வேர் போட்டா தான் தப்பிக்கலாம்னு. 32,768 மணின்னா 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ரெண்டோட 15ஆவது அடுக்குன்னு பாத்தவுடனே புரோக்ராம் எழுதறவனுக்கு புரிஞ்சிடும், மணி எண்ணற கவுன்டர் ரொம்பி வழிஞ்சிருக்கு. ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கற மாதிரி பல டிஸ்க்க சேத்து வைக்கறது தான் ரேய்டு, அதுல ஒரே நாள்ல நாலு டிஸ்க் போட்டிருந்தா நாலும் ஒரே நேரத்துல போகும், அப்புறம் ரேய்டு இருந்து இன்னா பிரயோஜனம். அதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் அதுவும் "நல்லா தானே ஓடிக்கினு" இருந்தது.

சரி விஷயத்துக்கு வரேன். எல்லாரும் பயப்படறது ஃபிளாஷ் பண்ற, அதாவது புது ஃபர்ம்வேர எழுதற, அந்த நிமிஷத்த தான், நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு போச்சே அப்படின்னு. அதுக்கு யூபிஎஸ் இருக்கு, பேட்டரி தாங்குதான்னு முன்னாடியே லைன புடுங்கி பாத்துக்கலாம். பழைய சர்வர்ல நெஜமான ஆபத்து ஃபிளாஷ் இல்ல, ரீபூட் தான். வருஷக்கணக்கா நிக்காம ஓடுன மெஷின நிறுத்துனா திரும்ப வரும்னு எந்த கேரண்டியும் கெடையாது. டிஸ்க் ஆறிப்போனா சுத்தாம அடம் புடிக்கும், பவர் சப்ளைல கெப்பாசிட்டர் வீக்காயிருக்கும், மெமரி காண்டாக்ட்ல களிம்பு புடிச்சிருக்கும், போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி செல்லு எப்பவோ காலியாயிருக்கும், கரண்ட் இருக்கற வரைக்கும் இதெல்லாம் வெளியவே தெரியாது. நீங்க பயாஸ் போட்டு ரீபூட் பண்றப்போ எல்லாம் மொத்தமா வெளிய வரும், பழி பயாஸ் மேல விழும், நீங்க பழைய வெர்ஷனுக்கு போக முட்டி மோதிக்கிட்டு இருப்பீங்க, வியாதி வேற எடத்துல இருக்கும்.

அதனால நான் செய்யறது இதுதான். ஃபர்ம்வேர் ஃபைல டவுன்லோடு பண்றதுக்கும் முன்னாடி, பேக்கப் எடுத்து அதுலேர்ந்து ஒரு ஃபைல ரீஸ்டோர் பண்ணி தொறந்து பாத்துட்டு, மெஷின ஒழுங்கா ஷட்டவுன் பண்ணி ரெண்டு பவர் கார்டையும் உருவி, ஆற விட்டு, எந்த ஃபர்ம்வேரையும் மாத்தாம திரும்ப ஆன் பண்றது. பழுது இருந்தா இப்பவே தெரியட்டும்.

ஞாயித்துக்கெழம மதியமா பாத்து பண்ணேன், ஃபைலிங் எதுவும் அவசரம் இல்லாத நேரம். உருவுன கையோட மூடிய தொறந்தேன். காசிமேடு கடல்காத்து உள்ள எப்படி வருதுன்னு பாக்கணும்னா இந்த ஏரியால ஒரு சர்வர தொறந்து பாருங்க. ஃபேனுக்கு பின்னாடி சாம்பல் கலர்ல தூசு, ஆனா உலர்ந்த தூசு இல்ல, வெரல்ல ஒட்டற பிசுபிசுப்பு, மூடியோட ஸ்க்ரூல துரு, மெமரி ஸ்லாட் ஓரத்துல வெள்ளையா பூத்த மாதிரி ஒரு படலம். வெளிய கன்டெய்னர் லாரிங்க நாள் பூரா நின்னு நின்னு போற ரோடு வேற. இதுவே தேவலன்னு மொதலாளி சொல்லுவாரு, ஹார்பர்ல நிலக்கரி எறக்கிட்டு இருந்த காலத்துல காலைல மேஜைய தொடச்சா துணி கறுப்பாயிடுமாம், 2011ல ஹைகோர்ட் சொன்னதுக்கப்புறம் தான் அது எண்ணூர் போர்ட்டுக்கு போச்சு.

போர்டுல இருந்த சிஆர்2032 செல்ல கழட்டி மீட்டர்ல வச்சேன், 2.6 வோல்ட். புதுசுன்னா 3க்கு மேல காட்டும். மாத்திட்டு ஆன் பண்ணேன், ஃபேனுங்க ஆறும் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, பக்கத்து வலைக்கடைலேர்ந்து ஒரு அண்ணன் எட்டிப் பாத்து "இன்னா தம்பி, ஜெனரேட்டர் எறக்கிட்டீங்களா"ன்னு கேட்டாரு. முன்னாடி இருக்கற சின்ன எல்சிடி நீலத்துல எரியணும், ஆம்பருக்கு மாறிடுச்சு, ஒரு மெமரி ஸ்லாட் பேர சொல்லி திட்டுது. திரும்ப ஆஃப், அதுல இருந்த மெமரி குச்சிய கழட்டி காண்டாக்ட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சு, ஸ்லாட்ட ஊதி, அழுத்தி உக்கார வச்சேன். வந்துடுச்சு, நீலம். இதே மெமரி எர்ரர் பயாஸ் போட்டப்புறம் வந்திருந்தா நான் யார சந்தேகப்பட்டிருப்பேன்னு நெனச்சு பாருங்க.

அப்புறம் ஐடிராக். இருந்தது 1.23 வெர்ஷன். அதோட பேஜ இப்ப இருக்கற பிரௌசர்ல தொறக்கவே முடியாது, அது நம்பியிருக்கற பழைய பாதுகாப்பு முறை டிஎல்எஸ் 1.0, 1.1 எல்லாத்தையும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் 2020லயே தூக்கிட்டாங்க. அதுக்குன்னே ஒரு பழைய விண்டோஸ் 7 லேப்டாப் வச்சிருக்கேன், நெட்டுல கோர்க்கவே மாட்டேன், ஒரு கேபிள நேரா ஐடிராக் போர்ட்டுல சொருகி வேலைய முடிச்சிட்டு மூடி வச்சிடுவேன். லாகின் கேட்டுச்சு, யூசர் ரூட், பாஸ்வேர்டு கால்வின்னு அடிச்சேன், உள்ள விட்டுடுச்சு. கம்பெனி குடுத்த டீஃபால்ட் பாஸ்வேர்டு, டேட்டா சென்டர்லேர்ந்து கை மாறி வந்த வரைக்கும் ஒருத்தனும் மாத்தல. பாஸ்வேர்ட மாத்தியிருந்தாலும் தான் இன்னா, ஐடிராக் 7, 8 ரெண்டுலயும் 2.52.52.52க்கு கீழ இருக்கற எல்லா வெர்ஷன்லயும் பாஸ்வேர்டே இல்லாம வெளியேர்ந்து கோட் ஓட்டற மாதிரி ஒரு ஓட்டை இருந்தது, 2018ல வெளிய வந்தது. சர்வர் ஆஃப்ல இருந்தாலும் ஐடிராக் முழிச்சிக்கிட்டே இருக்கும், பவர் பட்டன் அது கைல, கன்சோல் அது கைல. என்னைய கேட்டா பழைய சர்வர்ல ஒண்ணே ஒண்ண தான் அப்டேட் பண்ணுவேன்னு அடம் புடிக்கறவங்க இத பண்ணுங்க.

1.23லேர்ந்து ஒரே தாவா கடைசி வெர்ஷனுக்கு தாவக்கூடாது, நடுவுல 1.66.65 போட்டு, அது ரீசெட் ஆகி திரும்ப வந்து லாகின் ஆகற வரைக்கும் இருந்துட்டு, அப்புறம் தான் 2.65.65.65. சர்வர்ல ஒட்டியிருக்கற ஏழு எழுத்து சர்வீஸ் டேக்க அடிச்சா டெல் சைட்ல காசு கேக்காம எல்லா ஃபைலும் கெடைக்குது, இது பெரிய விஷயம், ஹெச்பி 2014லேர்ந்து வாரண்டியோ சப்போர்ட் கான்ட்ராக்டோ இல்லாதவனுக்கு சர்வர் பயாஸ் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறவங்க வெலைய மட்டும் பாக்காம இதையும் பாருங்க.

பயாஸ் ஃபைல ஐடிராக் வழியாவே ஏத்துனேன், ஏத்துன உடனே ஃபிளாஷ் ஆகாது, ஜாப் க்யூல போயி உக்காரும், அடுத்த ரீபூட்ல தான் வேலைய ஆரம்பிக்கும். ஸ்க்ரீன் கறுப்பாயிடும், தானா இன்னொரு ரீபூட் ஆகும், எதுவுமே வராது, இந்த எடத்துல தான் ஜனங்க பொறுமை போயி பவர் பட்டன அமுக்கி போர்ட கொன்னுடறாங்க. இட்லி குண்டான தொறந்து தொறந்து பாத்தா வேகுமா? கேபிள உருவாம, கீபோர்ட தொடாம, ரூம்ல இல்லாம இருந்தா இன்னும் நல்லது. நான் கீழ எறங்கி டீ குடிச்சிட்டு வந்தேன், ஐடிராக் லாக்ல ஜாப் முடிஞ்சிடுச்சுன்னு இருந்தது, வெர்ஷன் 2.9.0.

பிராசசர் மாத்துனது பெரிய கதையில்ல, ஹீட்சிங்க தூக்கி பழைய பேஸ்ட்ட தொடச்சு புது பேஸ்ட் வச்சு உக்கார வச்சேன், மொத தடவையே ரெண்டையும் காட்டிடுச்சு. திங்கக்கெழம ஃபைலிங் பாக்கற அக்கா "சர்வர் ஏதோ மாத்துனீங்களாமே தம்பி, டேலி அப்படியே தானே இருக்கு"ன்னாங்க. மாத்துனதே தெரியலன்னா அதுதான் சர்டிபிகேட்.

ரேய்டு கார்டு மட்டும் தொடல. ஹெச்710 மினி, அதுக்கும் புது ஃபர்ம்வேர் இருக்கு தான், ரிலீஸ் நோட்ட படிச்சேன், அதுல சொல்லியிருக்கற எந்த பிரச்சனையும் நம்ம கிட்ட இல்ல, டிஸ்க்குங்க வேற பழசு. பயாஸ் போனா போர்டு போகும், ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னொரு போர்டு வாங்கலாம், ரேய்டு கார்டு சொதப்புனா டேட்டாவ எங்க போயி வாங்கறது. புது டிஸ்க்குக்கு மொதலாளி காசு ஒதுக்கறேன்னு சொல்லியிருக்காரு, அது வந்ததும் டேட்டாவ முழுசா வெளிய எடுத்து வச்சிட்டு, காலி டிஸ்க்க வச்சுக்கிட்டு அந்த ஃபர்ம்வேர போட்டுக்கறேன்.