பிள்ளை வழக்குக்கு அரபி தெரிந்த வக்கீல்: தேடுவது முதல் வக்காலத்து வரை

பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்தில் நடக்கும் என்பது தெளிவாகும் முன் வக்கீலைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலும் பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்து நீதிமன்றம்தான் விசாரிக்கும். அது அரபியில் இயங்கும் நீதிமன்றம் என்றால், அங்கே ஆஜராக உரிமம் உள்ளவர் வேண்டும். உங்களோடு பேச உங்களுக்குப் புரியும் மொழி ஒன்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கு வேறு நாட்டில், துணைவரும் பத்திரங்களும் மட்டும் அரபி என்றால், அந்த நாட்டுக் குடும்ப வக்கீல் ஒருவருக்கு அரபி படிக்கத் தெரிந்தால் போதும். இரண்டும் வெவ்வேறு ஆட்கள். இதைப் பிரிக்காமல் தேடினால், அரபி சரளமாகப் பேசுகிற, ஆனால் அந்த நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாத ஒருவருக்கு முன்பணம் கட்டிவிட்டு நிற்க வேண்டி வரும்.

தேடும் சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. நாம் சொல்லும் வக்கீல், வக்காலத்து இரண்டும் அரபி வேர் கொண்டவை. ஆனால் இன்றைய அரபியில் ‘வகீல்’ என்றால் பெரும்பாலும் முகவர். அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் கார் கம்பெனி ஏஜெண்டுகூட வந்து நிற்பார். வழக்கறிஞருக்கு அங்கே ‘முஹாமி’. குடும்பச் சட்டத்துக்கு ‘அஹ்வால் ஷக்ஸிய்யா’. இரண்டையும் அரபி எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள். வழக்கறிஞர் சங்கப் பட்டியல்கள் சிலவற்றில் மொழி வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். பல தூதரகங்களும் உள்ளூர் வக்கீல்களின் பட்டியல் வைத்திருக்கும். ஆனால் அதில் பெயர் இருப்பது பரிந்துரை ஆகாது. பெயர் கிடைத்ததும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று சங்கத்திடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். எகிப்து போன்ற நாடுகளில் வக்கீல்களுக்குப் படிநிலை உண்டு. கீழ் நீதிமன்றத்தில் ஆஜராகிறவர் எல்லாரும் மேல்முறையீட்டில் ஆஜராக முடியாது. “எந்த நீதிமன்றம் வரை நீங்களே வாதாடலாம்?” என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள்.

விளம்பரத்தில் ‘அரபி பேசுவோம்’ என்று இருந்தால், பேசப்போவது யார் என்றும் கேளுங்கள். சில அலுவலகங்களில் அரபி தெரிந்தவர் வரவேற்பில் இருக்கும் குமாஸ்தா மட்டுமே. உங்கள் மனுவைப் படிப்பவர், எதிர்தரப்புப் பத்திரத்தைப் புரிந்துகொள்பவர், விசாரணை நாளில் வருபவர் மூவரின் பெயரையும் தனித்தனியாக வாங்குங்கள்.

வழக்கின் கதையைச் சொல்லும் முன் எதிர்தரப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் ஏற்கெனவே அங்கே கட்சிக்காரராக இருக்கிறாரா என்று அலுவலகம் பார்க்கும். அரபிப் பெயரில் இந்தச் சோதனை எளிதில் தவறிவிடும். முஹம்மத் என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதப்படுகிறது. தந்தை பெயர், பாட்டன் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் ஏதாவது ஒன்று கடவுச்சீட்டில் விடுபட்டிருக்கும். அரபி எழுத்தில் முழுப் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி, திருமணப் பத்திரத்தில் உள்ளபடி என மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பெயருக்கும் அப்படியே. பிறப்புச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், தீர்ப்பை நிறைவேற்றும் நாளில் “இது வேறு குழந்தை” என்று எதிர்தரப்பு சொல்ல இடம் கிடைத்துவிடும்.

எங்கள் பார்வையில், வக்கீலை எடைபோட ஒரு கேள்வி போதும்: ‘ஹளானாவுக்கும் விலாயாவுக்கும் என்ன வித்தியாசம்? நம் வழக்கு எதைப் பற்றியது?’ ஹளானா என்பது பிள்ளையைக் கூட வைத்து ஊட்டி, உறங்க வைத்து, அன்றாடம் வளர்க்கும் பொறுப்பு. விலாயா என்பது சட்டப்பூர்வமான காப்பாளர் உரிமை. சொத்து, பள்ளி, கடவுச்சீட்டு, பயணம் போன்ற முடிவுகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் பெரும்பாலும் இதன் கீழ் வரும். நிகாஹ்வில் மணப்பெண்ணின் காப்பாளரைக் குறிக்கும் ‘வலி’ என்ற அரபிச் சொல்லும் இதே வேர்தான். பல அரபு நாட்டுச் சட்டங்களில் ஹளானா தாயிடமும் விலாயா தந்தையிடமும் பிரிந்து நிற்கும். மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், பிள்ளை தாயிடம் வளரட்டும் என்ற தீர்ப்பு இன்னொரு நாட்டு நீதிபதியின் மேசையில் தந்தைக்கு முழு உரிமை என்று படிக்கப்படும். வழக்கின் பாதித் தகராறு இந்த ஒரு சொல்லில்தான் கிடக்கிறது. ஆகவே முதல் சந்திப்பில் ஒரு பக்க அரபிப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறாமல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிறவரை நம்பலாம். வயது வரம்பையும் கேளுங்கள். 2004 ஆம் ஆண்டின் மொராக்கோ குடும்பச் சட்டத்தில் 15 வயது நிரம்பிய பிள்ளை தாயையோ தந்தையையோ தேர்ந்தெடுக்கலாம். எந்த நாட்டு விதி, எந்த ஆண்டுச் சட்டம் என்று சொல்லாமல் பொதுவாகப் பதில் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

வட்டார வழக்கும் முக்கியம். பத்திரங்கள் எழுத்து அரபியில் இருக்கும். ஆனால் சாட்சியமாக வருவது வாட்ஸ்அப் குரல் பதிவுகள். மொராக்கோக்காரரின் வீட்டுப் பேச்சு ஈராக்கிய வக்கீலுக்குப் பாதிகூடப் புரியாமல் போகலாம். மிரட்டலா, கோபத்தில் சொன்ன வழக்கமான சொலவடையா என்பதை அந்த வட்டாரத்துக்காரரே பிரிப்பார். பதிவை முதலில் பேசியபடியே எழுத்தாக்கி, பிறகு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். மூலப் பதிவு இருக்கும் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். ஒருவருக்கு ஃபார்வர்டு செய்த நகலில் யார், எப்போது அனுப்பியது என்ற விவரம் நிற்காது.

விசாரணையில் உங்கள் பேச்சை உங்கள் வக்கீலே மொழிபெயர்க்க எதிர்பார்க்காதீர்கள். ஒரு தரப்புக்கு வாதாடுகிறவர் அதே தரப்பின் வாய்மொழியை மொழிபெயர்ப்பது பொதுவாக ஏற்கப்படாது. நடுநிலையான மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். உறவினரும் வேண்டாம். பிள்ளையை ஒருபோதும் வேண்டாம். அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னதை அந்தக் குழந்தையின் வாயால் சொல்ல வைப்பது அதற்கு ஆறாத காயம்.

பிள்ளையை ஒருவர் உங்கள் சம்மதமின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் அன்றே வக்கீலிடம் ஓடுங்கள். நாடு விட்டு நாடு பிள்ளையைக் கொண்டுபோவது பற்றிய 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி, கொண்டுபோன நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கு தொடுத்தால் திருப்பி அனுப்புவதே விதி, விதிவிலக்குகள் குறைவு. ஓராண்டு தாண்டினால், பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று அவர்கள் வாதாடலாம். மொராக்கோ, துனிசியா, ஈராக் இதில் சேர்ந்தவை. எல்லா அரபு நாடுகளும் சேரவில்லை. பின்னால் சேர்ந்த நாடு என்றால், அந்தச் சேர்க்கையை உங்கள் நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்பதையும் வக்கீல் பார்க்க வேண்டும்.

கட்டண ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்புச் செலவு தனி வரியாக இருக்கட்டும். பக்கக் கணக்கா சொல் கணக்கா என்றும் எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் இரு மொழியில் இருந்தால், முரண்பட்டால் எந்தப் பிரதி செல்லும் என்பது அதிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாகக் கையெழுத்திடுவது ‘வகாலா’, அதாவது வக்காலத்து. அச்சடித்த பொதுப் படிவத்தில் நீண்ட ஒரே வாக்கியமாக அதிகாரங்கள் வரிசையாக வரும். அதற்குள் சுல்ஹ், இக்ரார், தனாஸுல் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று விரல் வைத்துத் தேடச் சொல்லுங்கள். சமரசம் செய்வது, எதிர்தரப்பு சொன்னதை ஒப்புக்கொள்வது, உரிமையை விட்டுக்கொடுப்பது என்று பொருள். இவை இருந்தால், உங்களைக் கேட்காமலே உங்கள் சார்பில் அவர் பிள்ளையைப் பற்றி உடன்பாடு செய்துவிட முடியும். அந்தச் சொற்களை அடித்துவிடுங்கள், அல்லது ‘ஒவ்வொரு முறையும் எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன்’ என்று சேருங்கள். வெளிநாட்டில் கையெழுத்திட்டால் சான்றளிப்பும் உண்டு: சவூதி, ஓமான், பஹ்ரைன், மொராக்கோ, துனிசியா அப்போஸ்டில் முறையில், அதாவது ஒரே சான்றிதழை ஒட்டினால் பத்திரம் உறுப்பு நாடுகளில் ஏற்கப்படும் முறையில், இருக்கின்றன. அந்த முறையில் இல்லாத நாட்டுக்கு நோட்டரி, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் எனப் படிப்படியாக முத்திரை வாங்க வேண்டும். இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம்.

நடுவில் வக்கீலை மாற்ற நேர்ந்தால், போனில் சொல்லி நிறுத்தினால் மட்டும் போதாது. நோட்டரி மூலம் வகாலாவை ரத்து செய்து, அந்த ரத்துப் பத்திரத்தை நீதிமன்றக் கோப்பிலும் சேர்த்த பிறகே புதியவருக்குக் கையெழுத்திடுங்கள்.