பக்கம் இல்லாத இடத்தில் ஒரு பக்கம்: பிழைப் பக்கம் வடிவமைத்த அனுபவம்

தையல் இயந்திர உதிரி பாகங்களை விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் இணையதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. பொருள்களைப் புதிதாக வகைப்படுத்தியபோது பல பக்கங்களின் முகவரிகள் மாறின. பழைய இணைப்பைச் சொடுக்கி வந்தவர்களுக்கு, பக்கம் கிடைக்கவில்லை என்று பொருள்படும் 404 என்ற எண்ணையும் ஆங்கிலத்தில் ஒரு வரியையும் மட்டும் காட்டும் சர்வரின் வெற்று அறிவிப்பே கிடைத்தது. அதில் நிறுவனத்தின் பெயர்கூட இல்லாததால், தாம் வந்து சேர்ந்தது சரியான தளம்தானா என்று தெரிந்துகொள்ளவும் அவர்களுக்கு வழியில்லை. அந்த அறிவிப்புக்குப் பதிலாக உண்மையிலேயே உதவக்கூடிய ஒரு பக்கத்தை அமைத்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

வடிவமைப்பில் கை வைப்பதற்கு முன், தளத்துக்கு வந்த கோரிக்கைகள் பதிவாகும் சர்வர் லாக் கோப்பைப் படித்தேன். பிழைப் பக்கம் உருவாக்கும் எவரும் இந்த வேலையைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 404 என்று பதிவாகியிருந்த கோரிக்கைகளில் பெரும்பகுதி மனிதர்களுடையது அல்ல. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருளில் இயங்காவிட்டாலும், அதன் உள்நுழைவுப் பக்கம் எங்காவது அகப்படுமா என்று துழாவும் தானியங்கி நிரல்கள் அவற்றில் ஏராளம். அவற்றையும், படக் கோப்பு விடுபட்டதால் எழுந்த பதிவுகளையும் ஒதுக்கிய பிறகுதான் வாடிக்கையாளர்களின் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவர்களில் மிகப் பலர் முகவரியைத் தாமாகத் தட்டச்சு செய்தவர்கள் அல்லர். தேடுபொறியிலிருந்தோ எங்கள் பழைய மின்னஞ்சல்களிலிருந்தோ இணைப்பைச் சொடுக்கி வந்தவர்கள். வந்தவர்கள் நாடியதும் முகப்புப் பக்கத்தை அல்ல, குறிப்பிட்ட ஓர் உதிரி பாகத்தை.

லாக் கோப்பில் தெரிந்த இன்னொரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் தளம் நடத்தும் அனைவருக்கும் அது பயன்படும். எங்கள் பக்க முகவரிகளில் பொருளின் பெயர் தமிழிலேயே இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகிறது; முகவரியில் செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று குறிகளாக எழுதப்படுகிறது. ஆகவே ‘ஊசி’ என்ற இரண்டெழுத்துச் சொல்லே, ‘ஊ’, ‘ச’, இகரக் குறி என மூன்று குறியீடுகளாகி, 27 குறிகளாக நீண்டுவிடுகிறது. இப்படி நீண்ட இணைப்புகளை நகலெடுத்து அனுப்பும்போது வால்பகுதி அறுந்துபோவது எளிது. லாக் கோப்பில் அவ்வாறு பாதியில் முறிந்த முகவரிகள் வரிசையாகக் கிடந்தன.

இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்தே பக்கத்தின் அமைப்பைத் தீர்மானித்தன. வந்தவர் எதையும் தவறாகச் செய்யவில்லை என்பதால், “நீங்கள் தவறான முகவரியை உள்ளிட்டுள்ளீர்கள்” என்று பிழைப் பக்கத்துக்கான ஆயத்த வார்ப்புருவில் இருந்த வாசகத்தை முதலில் நீக்கினேன். அதன் இடத்தில் “நீங்கள் தேடி வந்த பக்கம் இந்த முகவரியில் இல்லை. பாகத்தின் பெயரையோ அதன் மேல் பொறித்துள்ள எண்ணையோ கீழே தட்டச்சு செய்து தேடலாம்” என்று எழுதினேன். வேடிக்கையான கேலிச்சித்திரம் ஒன்றை வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது, நான் ஏற்கவில்லை. இயந்திரம் நின்றுபோய், பாகம் உடனே தேவைப்படும் ஒருவருக்குச் சிரிப்பூட்டுவதைவிட அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதே மரியாதை என்று நினைக்கிறேன்.

தேடல் பெட்டியை வெறுமையாக விடாமல், கிடைக்காமற்போன முகவரியின் கடைசிப் பகுதியை எடுத்து, இடைக்கோடுகளை இடைவெளியாக மாற்றி, அதில் முன்கூட்டியே நிரப்பும்படி செய்தேன். வந்தவர் பெரும்பாலும் ‘தேடு’ பொத்தானை அழுத்தினாலே போதும். இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. அறுந்த முகவரியில் ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளில் ஒன்று குறைந்திருந்தாலும், அதைத் தமிழாக மாற்றித் தரும், உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் செயற்கூறு பிழை காட்டி நின்றுவிடும். எனவே அத்தகைய அரைகுறை வாலை வெட்டிவிட்டு எஞ்சியதை மட்டும் மாற்றும்படி எழுதினேன். அடுத்தது பாதுகாப்பு. முகவரியில் வருவது எதுவாக இருந்தாலும் அதை அப்படியே பக்கத்தை அமைக்கும் மொழியான எச்டிஎம்எல்லுக்குள் ஒட்டினால், தீய எண்ணத்தோடு தயாரித்த இணைப்பின் வழியாக வேறொருவருடைய நிரல் நம் பக்கத்தில் ஓடக்கூடும். ஆகவே அதைப் பெட்டியின் மதிப்பாக, வெறும் எழுத்தாக மட்டுமே வைத்தேன்.

பெட்டிக்குக் கீழே, லாக் கோப்பின்படி அதிகம் தேடப்பட்ட சில பொருள் வகைகளுக்கான இணைப்புகளையும், தொலைபேசி எண்ணையும் சேர்த்தேன். முழுப் பட்டியலையும் அடுக்கியிருந்தால் அதற்குள்ளேயே இன்னொரு முறை தொலைந்துபோக நேரிடும். சில நொடிகளில் தானாக முகப்புக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மெதுவாகப் படிப்பவருக்கும், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரை வாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கும் அது பெரிய இடையூறு.

மனிதருக்கு ஆறுதலாக எதைச் சொன்னாலும், தேடுபொறிக்கும் உலாவிக்கும் சர்வர் உண்மையையே சொல்ல வேண்டும். அதாவது பக்கத்தோடு செல்லும் நிலைக் குறியீடு 404 ஆகவே இருக்க வேண்டும். அழகிய பிழைப் பக்கம் ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 குறியீட்டோடு சென்றால், கூகுள் அதை ‘சாஃப்ட் 404’, அதாவது பிழை என்று சொல்லாத பிழைப் பக்கம், என்று வகைப்படுத்துகிறது. இல்லாத முகவரிகள் அனைத்தையும் முகப்புக்குத் திருப்பிவிட்டாலும் அதே விளைவு நேரலாம். எங்கள் சர்வரில் இயங்குவது அப்பாச்சி என்ற மென்பொருள். அதன் ‘எரர்டாக்குமென்ட்’ கட்டளையில் பிழைப் பக்கத்தின் பாதையைச் சாய்கோட்டில் தொடங்கி எழுத வேண்டும்; முழு இணைய முகவரியைக் கொடுத்தால் சர்வர் வருபவரை அங்கே திருப்பிவிடும், 404 என்ற குறியீடு அவரை எட்டாது. அமைத்து முடித்ததும், இல்லாத ஒரு முகவரியை உலாவியில் திறந்து, டெவலப்பர் கருவிகளின் நெட்வொர்க் பகுதியில் குறியீட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. முகவரி பல அடுக்குகள் ஆழமாக இருந்தபோது பக்கம் நிறமும் வடிவமும் இல்லாமல் வந்தது. பிழைப் பக்கம் எந்த அடுக்கிலும் தோன்றக்கூடியது என்பதால், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்புக்கும் படங்களுக்கும் உள்ள பாதைகள் தளத்தின் வேரிலிருந்து தொடங்க வேண்டும்; அப்படி மாற்றியதும் சரியாயிற்று. சர்வரே பழுதாகும்போது தோன்றும் 500 பிழைக்குத் தனிப் பக்கம் ஒன்றை, தரவுத்தளத்தையோ தேடலையோ நம்பாத வெறும் எச்டிஎம்எல் கோப்பாக வைத்தேன்.

முகவரி மாறிய பொருள்களுக்குப் பிழைப் பக்கமே தேவைப்படக் கூடாது. பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் அதே பொருளின் புதிய முகவரிக்கு, நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301 திருப்பத்தை அமைத்தேன். விற்பனையை நிறுத்திவிட்ட, மாற்றுப் பொருளும் இல்லாத பாகங்களுக்கு, பக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்று தெரிவிக்கும் 410 குறியீட்டை அளித்து, “இந்தப் பாகம் இப்போது கிடைப்பதில்லை” என்ற வாசகத்தை வைத்தேன். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை, இல்லாததைத் தேடிக்கொண்டே இருப்பதைவிட இந்த நேரடியான பதில் எவ்வளவோ மேல்.

பக்கத்தின் அடியில், கிடைக்காத முகவரியையும் அதற்கு முந்தைய பக்கத்தையும் எங்களுக்கு அனுப்பும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதன் வழியாக வந்த தகவல்களில் ஒன்று, இயந்திரத்தோடு கொடுக்கப்படும் அச்சிட்ட கையேட்டில் எங்கள் பக்க முகவரி ஒன்று ஓரெழுத்துப் பிழையோடு இருப்பதைக் காட்டியது. ஏற்கெனவே வாடிக்கையாளர்களின் கைக்குப் போன பிரதிகளைத் திருத்த முடியாது என்பதால், பிழையான அந்த முகவரிக்கும் ஒரு 301 திருப்பத்தை எழுதிச் சேர்த்தேன்.